விமான மரம் வாங்குவது: ஸ்ப்ரூஸ், டக்ளஸ் ஃபிர், பிர்ச் பிளைவுட் பற்றி ஒரு மதிப்புரை

சிறு மர விமானத்தை வீட்டிலேயே கட்டுபவர் மரம் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது விலை. விமானத் தரம் என்று சான்றிதழோடு விற்கும் சிட்கா ஸ்ப்ரூஸுக்கும், மரக்கடையில் அடுக்கி வைத்திருக்கும் அதே இனப் பலகைக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் இருக்கும். அந்தக் கூடுதல் பணம் மரத்துக்குப் போவதில்லை, கழித்துக்கட்டும் வேலைக்குப் போகிறது. ஒரு அடிமரத்தை அறுத்தால் கிடைக்கும் பலகைகளில் இறக்கையின் ஸ்பாருக்கு (இறக்கையைத் தாங்கும் நீளவாக்கு உத்தரம்) தேறுபவை மிகக் குறைவு. தேறாதவற்றின் செலவும் தேறியதன் தலையில்தான் ஏறும். அந்த வேலையை நீங்களே செய்தால் பணம் மிச்சம். ஆனால் பாதி செய்வதற்கு இங்கே இடமில்லை. ஒவ்வொரு பலகையையும் நான்கு முகத்திலும் இரண்டு முனையிலும் பார்க்கப் பொறுமை இல்லாதவர் சான்றிதழ் மரத்தையே வாங்கட்டும்.

சிட்கா ஸ்ப்ரூஸ்

அலாஸ்காவிலிருந்து வட கலிபோர்னியா வரை பசிபிக் கரையோரம் வளரும் மரம் இது. 1917-இல் அமெரிக்க ராணுவம் விமானங்களுக்கு இந்த மரத்தை வெட்டியெடுக்கவே தனிப் பிரிவு ஒன்றை அமைத்துக் காட்டுக்குள் அனுப்பியது. காரணம் எளிது. இதைவிட வலுவான மரங்கள் நிறைய உண்டு, இதைவிட எடை குறைந்தவையும் உண்டு; எடைக்கு ஏற்ற வலு, முடிச்சில்லாத நீளம், நேரான இழை, பசை பிடிக்கும் குணம், இழைப்புளிக்கு இணங்கும் மென்மை எல்லாம் ஒரே மரத்தில் சேர்வதுதான் அபூர்வம். ஒப்படர்த்தி (ஈரம் நீக்கிய எடையை நீரோடு ஒப்பிட்ட அளவு) சராசரியாக 0.40. 12 சதவீத ஈரத்தின் எடையையும் சேர்த்தால் ஒரு கன மீட்டர் 450 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும்.

குறைகளும் உண்டு. ஸ்ப்ரூஸ் மென்மையானது, போல்ட் நேரடியாக அழுத்தினால் துளை நீள்வட்டமாகிவிடும். அதனால்தான் இறக்கை இணைப்பு வரும் இடங்களில் வரைபடங்கள் பிர்ச் பிளைவுட் பட்டையோ கடின மரத் துண்டோ கேட்கின்றன. மழைநீர் தேங்கினால் சீக்கிரம் உளுத்துப்போகும். வார்னிஷும் வடிகால் துளைகளும் சரியாக இருந்தால் பல பத்தாண்டுகள் தாங்கும்.

எங்கள் தீர்ப்பு: ஸ்பாருக்கும் ஸ்பார் பட்டைகளுக்கும் விலை கொடுத்து வாங்கத் தகுந்தது. ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்), நிரப்புத் துண்டு, இறக்கை முனை வளைவு போன்றவற்றுக்கெல்லாம் முதல் தரப் பலகையை அறுப்பது வீண்செலவு. ஸ்பார் வெட்டி மிஞ்சும் துண்டுகளே ரிப்புக்குப் போதும்.

பலகையை எப்படிப் பார்ப்பது

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். பணம் மிச்சமாவதும் உயிர் தப்புவதும் இங்கேதான்.

அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட ஏ.சி. 43.13-1பி என்ற பழுதுபார்ப்பு வழிகாட்டி, மரத்துக்கு அனுமதிக்கும் குறைகளைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. வீட்டில் கட்டும் விமானத்துக்கு அது கட்டளை அல்ல, ஆனாலும் அதைவிட நல்ல அளவுகோல் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. இழையின் (மரநார் போகும் திசையின்) சாய்வு 1:15-க்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. பலகையின் நீளவாக்கில் 15 செ.மீ. போகும்போது இழை 1 செ.மீ.க்கு மேல் விலகக் கூடாது என்று பொருள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? நேரிழை மரத்தின் வளைவு வலுவை 100 என்று வைத்தால், 1:15 சாய்வில் அது 89. 1:10-இல் 81. 1:5-இல் 55. திடீர் அதிர்ச்சியைத் தாங்கும் திறன் இன்னும் வேகமாகச் சரிகிறது: 1:15-இல் 81, 1:10-இல் 62, 1:5-இல் 36. நீளவாக்கில் அழுத்தினால் மட்டும் பெரிய மாற்றம் தெரியாது. 1:10-இலும் 99 நிற்கும். சாய்விழைப் பலகையைக் கையால் அழுத்தியும் தட்டியும் பார்த்துவிட்டு நல்லது என்று நம்பிவிடுவது இதனால்தான். அது முறியும்போது நீளமாகச் சிராய் கிளம்பாமல், சாய்வான ஒரே வெட்டாகப் பிரிந்துவிடும்.

பெரும்பாலானோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பலகையின் ஒரு முகத்தில் ஆண்டு வளையக் கோடுகள் நூல் பிடித்தது போல நேராக ஓடும். அதைப் பார்த்ததும் இழை நேர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். வளையக் கோடு வேறு, இழை வேறு. மரம் வளரும்போதே திருகிக்கொண்டு வளர்ந்திருந்தால், வளையங்கள் செங்குத்தாகத் தெரியும் முகத்தில் எல்லாம் சரியாகவே தோன்றும். திருகல் தெரிவது வளையங்கள் படுக்கையாகக் கிடக்கும் அடுத்த முகத்தில் மட்டுமே. அந்த முகத்தை இழைத்துவிட்டு, பிசின் நாளங்களைத் தேடுங்கள். ஸ்ப்ரூஸில் அவை மெல்லிய மயிரிழைக் கீறல்களாகத் தெரியும், இழை போகும் திசையிலேயே போகும். தெரியவில்லை என்றால் நீர்த்த பேனா மையை ஒரு சொட்டு விடுங்கள். மை இழையோடு ஊறி ஓடும். அதுவும் சந்தேகமென்றால் முனையில் ஒரு துண்டை வெட்டி உளியால் பிளந்து பாருங்கள். பிளவு பொய் சொல்லாது.

இரண்டு முகங்களிலும் சாய்வு இருந்தால் அவற்றைத் தனித்தனியாகப் பார்த்து விட்டுவிடக் கூடாது. ஒன்றில் 1:20, மற்றதில் 1:20 என்றால் தனித்தனியே இரண்டும் தேறும். சேர்ந்த சாய்வு இரண்டின் வர்க்கக் கூட்டலின் வர்க்கமூலம்: 0.05-உம் 0.05-உம் சேர்ந்து 0.0707, அதாவது 1:14. பலகை தேறாது.

அடுத்தது வளையங்களின் எண்ணிக்கை. ஸ்ப்ரூஸுக்கு அங்குலத்துக்குக் குறைந்தது 6, டக்ளஸ் ஃபிருக்கு 8. வளையம் நெருங்க நெருங்க நல்லது என்ற நம்பிக்கை முழுக்கச் சரியில்லை. மிக நெருக்கமாக, வெளிறி, எடையே இல்லாமல் இருக்கும் பலகையும் வலுவற்றதுதான். அதனால் எண்ணுவதோடு எடையும் பாருங்கள். 100 × 50 × 20 மி.மீ. துண்டு ஒன்றைத் துல்லியமாக வெட்டினால் அது சரியாக 100 கன செ.மீ. சமையலறைத் தராசில் வையுங்கள். 12 சதவீத ஈரத்தில் நல்ல ஸ்ப்ரூஸ் 45 கிராம் அளவில் இருக்கும். 40 கிராமுக்குக் கீழே வந்தால் ஸ்பாருக்கு வேண்டாம். துண்டு வெட்ட அனுமதி இல்லாத கடையில் முழுப் பலகையை நிறுத்து, அளவுகளால் வகுத்துக்கொள்ளலாம்.

மிக லேசான மரம் போலவே மிகக் கனமான மரமும் எச்சரிக்கை. சாய்ந்து வளர்ந்த ஊசியிலை மரத்தின் கீழ்ப்பக்கத்தில் அழுத்த மரம் உருவாகும். வளையத்தின் கரும்பகுதி அகலமாக, மங்கலான பழுப்பாக இருக்கும். வெளிர்ப் பகுதிக்கும் கரும்பகுதிக்கும் நிற வேறுபாடு குறைவாக இருக்கும். எடை கூடுதல், ஆனால் கடினத்தன்மையைக் காட்டி ஏமாற்றும் மரம் அது. உடையும்போது சுண்ணாம்புக் கட்டி போல் உடையும். நீளவாக்கில் சுருங்குவதும் சாதாரண மரத்தைவிடப் பல மடங்கு. ரம்பத்திலிருந்து வெளியே வரும்போதே பட்டை வில்லாக வளைந்தால், உடனே நிறுத்திவிட்டு மீதிப் பலகையைச் சோதியுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது அழுத்த முறிவு. புயலில் மரம் வளைந்தபோதோ, மேடுபள்ளமான தரையில் வெட்டிச் சாய்த்தபோதோ, அடிமரத்தை முரட்டுத்தனமாகக் கையாண்டபோதோ உள்ளே இழைகள் நசுங்கியிருக்கும். வெளியே தெரிவது இழைக்குக் குறுக்கே ஓடும் மெல்லிய, ஒழுங்கற்ற சுருக்கக் கோடு மட்டுமே. ரம்பம் அறுத்த கரடுமுரடான முகத்தில் அது தெரியவே தெரியாது. முகத்தை இழைப்புளியால் மென்மையாக்கி, இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தைப் பலகையோடு பலகையாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும். ஒரு கோடு தெரிந்தாலும் அந்தப் பலகைக்கு விமானத்தில் இடமில்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்பது வேண்டாம். ஒரு கோடு இருக்கும் அடிமரத்தில் வேறு கோடுகள் கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

முடிச்சுகளைப் பொறுத்தவரை வழிகாட்டி கொஞ்சம் தாராளமாகவே இருக்கிறது. 3/8 அங்குலம் வரையான இறுகிய முடிச்சு, ஸ்பார் உயரத்தின் நடு மூன்றிலொரு பங்கில் இருந்தால், அடுத்த குறையிலிருந்து 20 அங்குலம் தள்ளியிருந்தால், சுற்றியுள்ள இழையை 1:15-க்கு மேல் வளைக்காமல் இருந்தால் அனுமதி. மேல் கீழ் விளிம்புகளில் வரக் கூடாது. இழுவிசையும் அழுத்தமும் உச்சத்தில் இருப்பது அங்கேதான். பக்கவாட்டில் நீண்டு கிடக்கும் ஆணி முடிச்சுக்கு எங்கேயும் இடமில்லை. பிசின் பை 1½ அங்குல நீளம், 1/8 அங்குல அகலம், 1/8 அங்குல ஆழத்துக்குள் இருந்து, ஸ்பாரின் நடுப்பகுதியில் விழுந்தால் பரவாயில்லை. ஒரே வளையத்தில் இரண்டு இருந்தால் 14 அங்குல இடைவெளி வேண்டும். வெடிப்பு, வளையப் பிரிவு, உளுப்பு எது இருந்தாலும் கழித்துவிடுங்கள்.

ஈரம் பற்றிக் கொஞ்சம். ஒட்டும் நேரத்தில் 8 முதல் 12 சதவீதம் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஒட்டப்போகும் இரண்டு துண்டுகளும் ஒரே ஈரத்தில் இருப்பது. ஈரமானியை மட்டும் நம்பாமல் ஒரு துண்டை நிறுத்து, 103 டிகிரி செல்சியஸில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்துப் பாருங்கள். ஸ்ப்ரூஸ் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை வளையத்தின் ஓட்டத்தில் 7.5 சதவீதமும், வளையத்துக்குக் குறுக்கே 4.3 சதவீதமும் சுருங்கும். இந்த வேறுபாட்டால்தான் வளையங்கள் படுக்கையாகக் கிடக்கும் பலகை தொட்டி போல் குழிகிறது. ஸ்பாரின் அகல முகத்தில் வளையக் கோடுகள் நெருக்கமாக, இணையாகத் தெரியும்படி அறுத்த பலகையைக் கேட்பதும் இதற்காகத்தான்.

டக்ளஸ் ஃபிரும் மற்றவையும்

டக்ளஸ் ஃபிர் எங்களுக்குப் பிடித்த மாற்று. வளைவு வலு ஸ்ப்ரூஸைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல், விறைப்பும் அப்படியே. எடையும் அதே அளவு கூடுதல்: ஒப்படர்த்தி 0.48. ஸ்ப்ரூஸில் 60 கிலோ மரம் எடுக்கும் விமானம், அதே அளவுகளில் இதில் கட்டினால் 72 கிலோ எடுக்கும். ஒற்றை இருக்கை விமானத்தில் 12 கிலோ சிறிதல்ல. வலு கூடுதல்தானே, அளவைக் குறைத்துவிடலாம் என்று தோன்றும். வடிவமைப்பாளரின் ஒப்புதலோ கணக்கோ இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். மெலிந்த பட்டை நசுங்குவதற்கு முன்பே நெளிந்துவிடக் கூடும், பசைப் பரப்பும் குறையும்.

வேலையில் இது முரடு. சிராய் அதிகம், மழுங்கிய உளியைக் கண்டால் பிளந்துகொள்ளும், விளிம்பில் ஆணி அடித்தால் வெடிக்கும். பெரிய திடக்கட்டைகளாகப் பயன்படுத்தினால் உள்ளே பார்க்க வழியில்லை என்பதால் வழிகாட்டியே அதைத் தவிர்க்கச் சொல்கிறது. மெல்லிய பட்டைகளாக அறுத்து ஒட்டிய ஸ்பாரில் இந்தக் கவலை குறைவு, ஒவ்வொரு பட்டையையும் நான்கு பக்கமும் பார்த்துவிடலாம்.

வெஸ்டர்ன் ஹெம்லாக்கும் நோபிள் ஃபிரும் ஸ்ப்ரூஸுக்கு அதே அளவில் நேரடி மாற்று. நழுவு விசையை (இழைகளை ஒன்றின்மேல் ஒன்று நழுவச் செய்யும் விசை) தாங்குவதில் நோபிள் ஃபிருக்கு 8 சதவீதக் குறைவு உண்டு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வடக்கத்திய வெள்ளைப் பைன் ஸ்ப்ரூஸின் 85 முதல் 96 சதவீத வலு; ரிப்புக்கு அருமை, ஸ்பாருக்கு அளவைக் கூட்டாமல் போடக் கூடாது. போர்ட் ஆர்ஃபோர்ட் சீடார் வலுவில் ஸ்ப்ரூஸை மிஞ்சும், ஒட்டுவதற்குக் கூடுதல் கவனம் கேட்கும். தேக்கு கேட்பவர்கள் உண்டு: கனம், எண்ணெய்ப் பசை, இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது.

கட்டுமானக் கடையில் ஸ்ப்ரூஸ், பைன், ஃபிர் மூன்றையும் ஒரே முத்திரையில் கலந்து விற்கும் சட்டங்களை வாங்காதீர்கள். எந்த இனம் என்றே தெரியாது, பெரும்பாலும் மரத்தின் நடுத்தண்டோடு சேர்த்து அறுத்தவை, முடிச்சும் நிறைய. கதவுக்கும் படிக்கட்டுக்கும் விற்கும் முடிச்சில்லாத டக்ளஸ் ஃபிர் அடுக்கில் தேடினால் பலன் உண்டு. அகலம் குறைந்தவை மட்டும் கிடைத்தால் வருந்த வேண்டாம். ஜோடெல் விமானத்தில் இருப்பது போன்ற பெட்டி ஸ்பாருக்கு (பட்டைகளையும் பிளைவுட் சுவர்களையும் ஒட்டிச் செய்த, உள்ளே வெற்றான ஸ்பார்) சிறு பட்டைகளே தேவை. பீட்டன்போல் ஏர் கேம்பர் போல ஒரே திடப் பலகையில் ஸ்பார் கேட்கும் விமானத்துக்குத்தான் அகலமும் நீளமும் சேர்ந்த பலகை வேண்டும். அதற்கும் ஒரு வழி உண்டு: அதே தரப் பட்டைகளை ஒட்டிச் செய்த ஸ்பாரைத் திடப் பலகைக்கு மாற்றாக வழிகாட்டி ஏற்கிறது.

பிளைவுட்டில் சிக்கனம் வேண்டாம்

திட மரத்தில் நம் கண்ணே தரச் சோதனை. பிளைவுட்டில் நடு அடுக்கு கண்ணுக்குத் தெரியாது, அதனால் இங்கே சான்றிதழுக்குக் கொடுக்கும் பணம் முழுக்க நியாயம். எம்.ஐ.எல்.-பி-6070 (அமெரிக்க ராணுவத் தர எண்) அல்லது ஜி.எல். (ஜெர்மானிஷர் லாயிட் என்ற ஜெர்மன் தரச் சான்று நிறுவனம்) முத்திரை உள்ள பிர்ச் பிளைவுட்டை வாங்குங்கள். பிர்ச்சின் வலுவுக்கு வரலாறே சாட்சி: 1947-இல் ஒரே ஒரு முறை பறந்த, அமெரிக்கத் தொழிலதிபர் ஹோவர்ட் ஹியூஸின் ராட்சத விமானத்தை ஊர் ‘ஸ்ப்ரூஸ் கூஸ்’ என்று அழைத்தாலும், அதில் பெரும்பகுதி பிர்ச்தான். மஹோகனி பிளைவுட் எடை குறைவு, வலுவும் குறைவு. வரைபடம் எதைக் கேட்கிறதோ அதைப் போடுங்கள்.

படகுக்கு விற்கும் மரைன் பிளைவுட்டின் பசை பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும். அடுக்குகளின் தடிமன்தான் பிரச்சினை. வெளி அடுக்கு காகிதம் போல், நடு அடுக்கு தடியாக இருந்தால் மேற்பரப்பு இழையின் திசையில் வலு கிடைக்காது. தரைப் பலகைக்கும் இருக்கைக்கும் போகலாம், ஸ்பாரின் பக்கச் சுவருக்கும் இறக்கைத் தோலுக்கும் போகாது.

1.5 மி.மீ. தாளைப் பலமான விளக்கின் முன் பிடித்தால் நடு அடுக்கின் இடைவெளிகளும் மேல்கீழாய் ஏறிய இடங்களும் கோடாகத் தெரியும். கைத்துண்டு ஒன்றைச் சில மணி நேரம் கொதிக்க வைத்து, காயவிட்டு, உளியால் அடுக்கைப் பிரியுங்கள். கிழிவது மரநாராக இருக்க வேண்டும். பசைப் படலம் பளபளவென்று உரிந்தால் தாளைத் திருப்பிக் கொடுங்கள். நழுவு விசை தாங்கும் சுவருக்கு 45 டிகிரியில் அடுக்கிய தாள் சிறந்தது. விலை கூடுதல், ஆனாலும் 90 டிகிரித் தாளைக் கோணலாக வெட்டி வீணாக்குவதோடு ஒப்பிட்டால் பெரிய நஷ்டமில்லை.

எவ்வளவு வாங்குவது, எங்கே வாங்குவது

முதலில் வெட்டுப் பட்டியல், பிறகுதான் கடை. வரைபடத்தின் ஒவ்வொரு துண்டையும் தடிமன், அகலம், நீளம் என்று எழுதி, நீளமானவற்றை மேலே வையுங்கள். பிறகு சேதாரம். கணக்குக்கு ஓர் உதாரணம்: 50 × 150 மி.மீ. கரட்டுப் பலகையிலிருந்து 20 × 20 லாங்கரான் (விமான உடலின் நீளவாக்குச் சட்டம்) பட்டைகள் வேண்டும். இழைப்புக்கு 1 மி.மீ. சேர்த்து 21 ஆக அறுக்க வேண்டும், ரம்பத்தின் வெட்டு 3 மி.மீ. அகலத்தில் ஆறு, தடிமனில் இரண்டு, ஆக 12 பட்டைகள். கையில் வருவது பலகையின் 64 சதவீதம்; 36 சதவீதம் தூளும் சுருளும். இதில் ஒரு பட்டைகூடக் குறையால் கழியவில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. மரக்கடையில் நீங்களே பொறுக்கினால் கழிவையும் சேர்த்து, நிகரத் தேவையைப் போல் இரண்டு மடங்கு வாங்குவது பாதுகாப்பு. மெல்லிய வெட்டு ரம்பம் ஒன்று இருந்தால் இந்தக் கணக்கு உடனே மாறும்.

நீளத்துக்குக் கொடுக்கும் விலையும் கொஞ்சமல்ல. மிக நீண்ட பலகைக்கு விலை ஏறுவதோடு லாரிக் கூலியும் ஏறும். வடிவமைப்பாளர் அனுமதித்தால் இரண்டு துண்டுகளின் முனைகளை 1:12 சரிவில் சீவி ஒட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள், 20 மி.மீ. பட்டைக்கு 240 மி.மீ. மேல்சேர்க்கை போனால் போதும்.

விமானப் பொருள் விற்பவரிடம் வாங்கினால் நான்கு முகமும் இழைத்தது, சான்றிதழோடு வரும். குறை: நீங்கள் பலகையைப் பார்ப்பது பணம் கட்டிய பிறகு. அதனால் ஆர்டர் போடும்போதே தர எண்ணைப் பெயரோடு எழுதுங்கள், ஸ்ப்ரூஸுக்கு எம்.ஐ.எல்.-எஸ்-6073. தேறாத பலகையைத் திருப்பி எடுப்பார்களா, அனுப்பும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் இருக்கிறது என்று மேலே சொன்ன சோதனைகளை விட்டுவிடவும் கூடாது. முத்திரை குத்திய பிறகும் லாரியில் பலகை அடிபடலாம். அறுத்து, எண்ணிட்டு வரும் மரத் தொகுப்பு, ரம்ப மேசை இல்லாதவருக்கு நல்லது. மற்றவர்களுக்கு விலை அதிகம், ஒரு பட்டை கெட்டால் மாற்றுவதும் சிரமம்.

மரக்கடையில் வாங்குவதென்றால் கடைக்காரரிடம் என்னத்துக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுக்கைக் கலைக்க விடாதவரும், கலைத்ததை மீண்டும் நேராக அடுக்கிவைத்தால் நாள் முழுக்கத் தேட விடுவார். இசைக்கருவி செய்பவர்களுக்கு மரம் தருபவர்களிடமும் தரமான ஸ்ப்ரூஸ் உண்டு, நீளம்தான் கிடைக்காது, ரிப்புக்குப் போதும். பழைய ஏணி, இடித்த கட்டடத்து உத்தரம் போன்றவற்றில் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும், ஆனால் ஆணித் துளையும் நெடுநாள் சுமையின் நசுங்கலும் உள்ளே இருக்கலாம். ஸ்பாருக்கு அவற்றை எடுக்காதீர்கள்.

மரம் வந்ததும் முனைகளில் மெழுகோ வார்னிஷோ பூசுங்கள், முனை வழியேதான் ஈரம் வேகமாக ஓடும். சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் அரை மீட்டருக்கு ஒரு ரீப்பர் போட்டு, அடுக்குக்கு அடுக்கு ரீப்பர்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக வரும்படி அடுக்குங்கள். வெயில் படக் கூடாது, காற்று படலாம். ஒவ்வொரு பலகையிலும் அடிமர எண், எடை, ஈரம், சாய்வு நான்கையும் பென்சிலில் எழுதுங்கள். இடது, வலது இறக்கை ஸ்பார்களுக்கு எடை நெருங்கிய பலகைகளைச் சோடி சேர்க்க அந்த எழுத்து உதவும். பட்டறையின் காற்றுக்கு ஈரம் சமனாக இரண்டு மூன்று வாரம் விட்டு, மீண்டும் அளந்து, பிறகு ரம்பத்தைத் தொடுங்கள். கழித்த பலகைகளைச் சிவப்புச் சாயத்தால் நீளம் முழுக்கக் கோடு போட்டு வேறு மூலையில் வையுங்கள். அச்சுப் பலகைக்கும் பிடிப்புக் கட்டைக்கும் அவை தேவைப்படும். கோடு இல்லாவிட்டால் அவசரத்தில் ஒன்று இறக்கைக்குள் போய்விடும்.